பிளாஸ்டரில் நிறம் தெரியாது

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வரியை நான் சரியான நேரத்தில் ஞாபகம் வைத்திருந்தால் என் அக்காவுக்கு இன்றைக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவு எடுத்து, அந்த அச்சை ஈரத்துணியில் சுற்றி என் லேபுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தால், யாரோ ஒருவரின் வாய் வெள்ளை வெளேரென்று என் மேஜையில் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகில் பல்லை அடுக்கி, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டியது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட எச்சில் கிடையாது, ரத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது, முக்கியமாகப் பேச்சு கிடையாது. பல் நன்றாக அமைந்தால் டாக்டருக்குக் கைராசி என்பார்கள். அமையாவிட்டால் லேப்காரன் சொதப்பிவிட்டான் என்பார்கள். இந்த வயிற்றெரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. வாயைப் பற்றி டாக்டர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று கேட்டவர்களிடம் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கி வருகிறது என்று நாள் முழுக்க ஊரார் சொல்லும் குறையைக் கேட்டு எழுதிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் குறைகளை ஆரம்பிப்பாள். பஸ் தாமதம், அடுத்த வீட்டு ரேடியோ, அவள் புருஷன், என் மாமா, துவைத்துப்போட்ட துணியில் சுருக்கம், எதுவும் தப்பாது. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். எங்கள் சுற்றம் முழுவதும் அவள் பார்க்கும் குற்றத்தில்தான் நேராக நின்றுகொண்டிருந்தது. என் கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஏன்டா, தாலி கட்டுற நேரத்துலயாவது வாயை மூடியிருக்கக் கூடாதா?" என்பதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. பரிசோதனை செய்ததில் என்னுடையதுதான் பொருந்தியது. கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. அதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. ஆனால் கொடுத்த பிறகு நான் நடந்துகொண்டது வேறு. வீட்டில் எது நடந்தாலும் என்னைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும், எந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று நான்தான் தீர்ப்பு சொன்னேன். "ஒரு கிட்னி குடுத்துட்டு ரெண்டு ஊருக்கு நாட்டாமை ஆயிட்டீங்க" என்று என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த நாட்டாமை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா மாறிவிட்டாள். மற்றவர்களிடம் அதே வாய்தான். என்னிடம் மட்டும் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் தாமதமாக வந்தால் "பரவாயில்லடா, வேலை இருக்கும்" என்பாள். வாங்கிக்கொடுத்த புடவை அவளுக்குப் பிடிக்காத நிறம் என்று எனக்கே தெரிந்தபோதும் "நல்லா இருக்கு" என்றாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்று தோன்றவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. உடம்புக்குள் ஒருவன் கொடுத்ததை வைத்துக்கொண்டு அவனிடம் எப்படி முகம் சுளிப்பது என்ற கூச்சம்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரைகளை அவள் தினமும் விழுங்க வேண்டும். அதனால் சர்க்கரை ஏறியது, ஈறு கெட்டது, வலப்பக்கம் மேல்வரிசையில் நாலு பல் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு அட்டை அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. காய்ச்சல், இருமல், மூக்கடைப்பு, முகத்தில் வலி, வாயில் சின்னப் புண், எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அட்டையை ஒட்டியதே நான்தான்.

நாலு பல்லுக்கு நான் தட்டு கட்டிக்கொடுத்தேன். டாக்டரிடம் போனால் அவர் அளவு எடுத்து எனக்குத்தானே அனுப்பப்போகிறார், நடுவில் அவர் எதற்கு என்று அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்காரவைத்து அளவு எடுத்தேன். லேப்காரன் வாயில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். சொந்த அக்காவுக்கு என்ன சட்டம் என்று விட்டுவிட்டேன். அண்ணத்தில் பதிந்து உட்காரும் சின்ன இளஞ்சிவப்புத் தட்டு, அதில் நாலு பல். நிறம் மற்றப் பல்லோடு அப்படியே ஒத்துப்போனது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். "பொருந்துதா?" என்று கேட்டேன்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுடா. அதுவும் நீ பல்லையே தானமா குடுத்திருக்க" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது தட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"லேசா குத்துதுடா. மேல. நீ கோச்சுக்காத" என்றாள்.

நீ கோச்சுக்காத. அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் இருந்தது. எட்டு மாதம் ஒழுங்காக இருந்த தட்டு திடீரென்று ஏன் குத்த வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் தட்டில் தப்பு இருக்க முடியாது. ஈறு சுருங்கியிருக்கும், அது இயற்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் எப்போதும் வைத்திருக்கும் அரத்தால் விளிம்பைக் கொஞ்சம் ராவிக்கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "இப்போ பரவாயில்ல" என்றாள்.

புதன்கிழமை மாமா போன் செய்தார். மாமா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். "மாப்ள, அவளுக்கு ஒரு பக்கம் மூக்கு அடைச்சிருக்கு. கன்னமும் வலிக்குதுன்னா. உன்கிட்ட சொல்ல வேண்டாம்ங்கறா. நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அந்த அட்டையில் எழுதியிருந்தது. நான் செய்தது இது: வேலையைப் போட்டுவிட்டு அச்செடுக்கும் சாமானோடு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். போனதும், "என் தட்டைப் பத்தி டாக்டர்கிட்ட போய்ப் புகார் எழுதிக் குடுக்கப்போறியா? உன் ஆபீஸ்னு நினைச்சியா?" என்றேன். விளையாட்டாகத்தான். பாதி விளையாட்டாக.

அக்கா பதறிவிட்டாள். "இல்லடா, அவருக்கு எல்லாத்துக்கும் அவசரம். சைனஸா இருக்கும். அடுத்த வாரம் எப்படியும் மாசாந்திர செக்கப் இருக்குல்ல, அப்போ சொல்லிக்கலாம்."

"மூக்கும் கன்னமும் தட்டுனாலதான் வலிக்குது. மேல அழுத்துதுல்ல, அதான். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்தது" என்று நான் விளக்கம் கொடுத்தேன். மாமா கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாமா, பல்லு விஷயத்துல நான் பாத்துக்கறேன், நீங்க லிஃப்டைப் பாருங்க" என்று அடைத்துவிட்டேன்.

மறுபடி அளவு எடுத்தேன். மேலே அண்ணத்தைப் பார்க்க டாக்டரிடம் கம்பி வைத்த சின்னக் கண்ணாடி இருக்கும். என்னிடம் கிடையாது. எனக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. அச்சை லேபுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டர் ஊற்றி, உருப்பெருக்கியை வைத்து மேடுபள்ளம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலப்பக்கம் ஓரிடத்தில் கொஞ்சம் வீங்கியிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அந்த வீக்கத்துக்குத் தகுந்தாற்போலத் தட்டின் அடிப்பாகத்தைக் குடைந்து, அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளே போன் செய்தாள். குரலில் சந்தோஷம்.

"சரியாயிடுச்சுடா. சுத்தமா வலியே இல்ல. கன்னத்தைக் கிள்ளினாக்கூட தெரியல, பாரேன்!"

"நான்தான் சொன்னேன்ல" என்றேன்.

அவளுடைய கன்னம் மரத்துப்போயிருந்தது. அதைத்தான் அவள் என்னிடம் சொன்னாள். நான் அதை என் கைவேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று காதில் வாங்கிக்கொண்டேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதே நாள் மாமாவும் கூப்பிட்டார். "வலி இல்லங்கறா மாப்ள. எங்க வேலையில, ஒரு வாரமா சத்தம் போட்டுட்டிருந்த லிஃப்ட் தானா சத்தத்தை நிறுத்துச்சுன்னா நாங்க உள்ள ஏற மாட்டோம்."

"மாமா, அவ லிஃப்ட் இல்ல" என்றேன்.

ஞாயிறு காலை அவர் பேசிய குரல் வேறு மாதிரி இருந்தது. அக்காவின் வலது இமை இறங்கிவிட்டது, தூக்க முடியவில்லை, விரலால் தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, தலையணையில் மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வடிந்திருக்கிறது. அவர் எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்சியிலிருந்து. என்னைக் கேட்க அவர் காத்திருக்கவில்லை. அப்படி மிச்சமான ஒரு மணி நேரம்தான் அவள் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள்.

நான் போனபோது காது மூக்குத் தொண்டை டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி, அக்காவின் வாயைத் திறக்கச்சொல்லி அந்தக் கம்பிக் கண்ணாடியை உள்ளே விட்டிருந்தார். என் தட்டு பக்கத்தில் ஒரு எஃகுத் தட்டில் கிடந்தது. "உறவா? வாங்க, பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். அண்ணத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. அடுப்புக்கரி பட்டதுபோல. நான் ராவிக் குடைந்து இடம் விட்ட அதே இடம்.

"பூஞ்சை. காத்துல இருக்கு, மண்ணுல இருக்கு, பழைய ரொட்டில இருக்கு. உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்பு சக்தியை அடக்கி வெச்சிருக்கவங்களுக்குள்ள போச்சுன்னா மூக்கு, கன்னம், கண்ணுன்னு ஏறும். ரத்தக்குழாயை அடைச்சு, போற வழியெல்லாம் சதை செத்துடும்" என்றார் டாக்டர். பிறகு அக்காவைப் பார்த்து, "வலி எப்போ நின்னுச்சு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை" என்றாள்.

"நரம்பு செத்தா வலி இருக்காதும்மா. அதுக்கு முன்னாடி எத்தனை நாள் வலிச்சுது? ஏன் வரல? உங்களுக்கு அட்டை குடுத்திருப்பாங்களே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "பல்செட் குத்துதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்" என்றாள்.

டாக்டர் என் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதைப் புதுசா ராவியிருக்காங்களே. யாரு?"

"நான்தான்" என்றேன். "ரெண்டு தடவை."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வலது மேல்தாடையை எடுத்தார்கள். கன்ன எலும்பில் பாதி. மூன்றாம் நாள் மறுபடி உள்ளே கொண்டுபோய்க் கண்ணை எடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது மாமா பேனாவைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு போனா உயிர் நிக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். நிற்கும் என்று அவர்களால் அப்போது சொல்ல முடியவில்லை.

முதல் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது நான் லேபுக்கு வந்தேன். உட்கார முடியாமல்தான் வந்தேன். புதன்கிழமை எடுத்த பிளாஸ்டர் அச்சு மேஜையில் இருந்தது. கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்த இடம் எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும். விரலை வைத்துப் பார்த்தேன். வெள்ளை. சுற்றிலும் எப்படியோ அங்கேயும் அப்படியே, சுத்தமான வெள்ளை. அவள் வாயில் புதன்கிழமையே அங்கே கறுத்திருக்கும். வாயைத் திறந்துகொண்டு அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். டார்ச்சை அடித்துப் பார்க்கச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டிருந்தால்கூட அவர் பார்த்துச் சொல்லியிருப்பார். நான் அவளைப் பார்க்காமல் அவளுடைய அச்சைப் பார்த்தேன். அந்த மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

பூஞ்சையைக் கொல்ல ஊசிமருந்து ஏற்றினார்கள். வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். வேறு வழியில்லாத மருந்து, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இன்னொரு பக்கம், உடம்பு எதிர்த்து நிற்க வேண்டும் என்று பழைய மாத்திரைகளைக் குறைத்தார்கள். குறைத்தால் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளும். இரண்டும் சேர்ந்துகொண்டன. நாலாவது வாரம் அவளை மறுபடி டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டார்கள். நான் கொடுத்தது போய்விட்டது.

அப்போது அவளால் பேச முடியாது. அண்ணத்தில் ஓட்டை, வாயில் பஞ்சு அடைத்திருந்தார்கள். எழுதி அழிக்கும் ஒரு சின்னப் பலகையைக் கொடுத்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி முகத்தில் கட்டு. இருந்த ஒரு கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்து எழுதினாள். நீட்டினாள்.

'நீ குடுத்ததைக் காப்பாத்த முடியலடா. என்னை மன்னிச்சுடு.'

நான் அந்தப் பலகையைப் பிடுங்கி என் சட்டையாலேயே அழித்தேன். "பைத்தியமா உனக்கு? யாரு யாரை மன்னிக்கணும்?" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தாள். அக்கா பயந்துபோய் என்னையே பார்த்தாள். அப்போதும் அவள் முகத்தில் இருந்தது அதே 'நீ கோச்சுக்காத' தான். என் தவறு என்று நான் சொல்லச் சொல்ல அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கொடுத்தவன் வாயை அடைத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

நாலு மாதத்தில் அவள் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். பூஞ்சை நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பேச்சு மூக்கில் போனது; புகார்ப் பிரிவில் போன் எடுக்க முடியாது என்பதால் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த ஓட்டையை அடைத்து, மேலே பல்லும் வைத்து ஒரு பெரிய தட்டு செய்ய வேண்டும். அது நன்றாக அமைந்தால் பேச்சு முக்கால்வாசி திரும்பும், வேலைக்கும் போகலாம். அமையாவிட்டால் புண்ணாகும், புண் என்றால் அவள் விஷயத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்வதாக மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். இதையாவது என் கையால் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று வெறி. ஆஸ்பத்திரியிலிருந்து அளவை வாங்கிவந்து மூன்று வாரம் மெழுகில் செதுக்கினேன். அவ்வளவு நுணுக்கமான வேலையை நான் அதற்குமுன் செய்ததில்லை. ஒரு சனிக்கிழமை அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மெழுகை விரலால் தடவினாள். "அழகா பண்ணியிருக்க" என்றாள். மூக்கில் போகும் அந்தப் பேச்சு எங்களுக்குப் பழகியிருந்தது.

"திங்கட்கிழமை டாக்டர் முன்னாடியே போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

அவள் பெட்டியை மூடினாள். மூடிய பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"நீ பண்ணாதடா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை சரியில்லையா, அளவு சரியில்லையா என்று கேட்டேன்.

"கையில ஒண்ணும் இல்ல. நீ செஞ்சா, நான் நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்."

மாமா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

"குத்தினாலும் சொல்லிடுவேன்டா. எனக்கே தெரியுது. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குக் குத்துதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அப்பவும் வரல, இப்பவும் வராது. வேற யாராவது செய்யட்டும். தெரியாதவங்களா இருந்தா நல்லது." பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "கோச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதை அவளிடம் நம்பும்படி எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சரிக்கா என்று மட்டும் சொன்னேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வாழ்நாளில் என் வேலையை யாரும் அவ்வளவு சரியான காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் இந்த மாதிரித் தட்டு செய்கிற ஒருவர் இருக்கிறார். எங்கள் தொழிலில் அவருக்குப் பெயர் ரம்பம். பிடித்தால் விடமாட்டார், காது கிழியப் பேசுவார். இருபது வருஷமாக அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான். போய்ச் சொன்னேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். ரம்பம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மெழுகுப் பெட்டியை நீட்டி, உதவுமா பாருங்கள் என்றேன். அவர் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. அளவு நானே எடுத்துக்கறேன். அவங்க வாயை முதல்ல பாக்கணும்" என்றார்.

தட்டு தயாராகிப் போட்டுப் பார்க்கும் நாளில் நானும் மாமாவும் அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலை பத்து மணி. கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் ரம்பத்தின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலைப் பற்றி, ஆஸ்பத்திரி கேண்டீனைப் பற்றி. பிறகு நின்றது. தட்டை உள்ளே வைக்கிறார் என்று தெரிந்தது.

"குத்துது" என்றாள் அக்கா.

மோட்டார் ஓடும் சத்தம். மறுபடி அமைதி.

"இன்னும் குத்துதுங்க. இங்க இல்ல, அதுக்குப் பின்னாடி."

மோட்டார். அமைதி.

"என்னங்க இது, நான் சொல்ற இடத்தை விட்டுட்டு வேற எங்கயோ ராவிட்டிருக்கீங்க! வாய் உங்களுதா என்னுதா? எடுங்க முதல்ல!"

ஒவ்வொரு தடவைக்கும் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை விட்டு இறங்கி வாய்க்கு வந்துகொண்டிருந்தது. நான்காம் தடவை போட்டபோது அது கிட்டத்தட்டப் பழைய குரல். ஆறு வருஷமாக நான் கேட்காத குரல். கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே அவள் விளிம்பு தடிமனாக இருக்கிறது, பல்லின் நிறம் பழுப்படிக்கிறது, இந்த நாற்காலியில் எந்த மனுஷன் உட்காருவான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ரம்பம் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை.

மாமா என் முழங்காலில் கையை வைத்தார். "உள்ள போய்ப் பாக்கறியா மாப்ள?"

"வேண்டாம் மாமா" என்றேன். "நான் போனா நிறுத்திடுவா."